இளையவர் முதலில்

அந்த ஆள் மூன்றாவது நாளாக எதிர்ச்சாரி தையல் கடை வாசலில் நின்றான். காலை ஏழு மணிக்கு இவர் காரில் ஏறும்போது விறைப்பாக ஒரு சல்யூட். அவ்வளவுதான். இவர் திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொள்வார். கார் திருக்கழுக்குன்றம் ரோடு பக்கம் திரும்பிப் போய்விடும். அதற்குப் பிறகும் அவன் நிற்பான். நான் கீழ்த் தாழ்ப்பாளோடு மேல் தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்வேன்.

இவர் என் வீட்டுக்காரர், கர்னல் பட்டாபி. பட்டாளத்து வக்கீலாக இருந்தவர். ராணுவக் கோர்ட்டில் ஐந்து அதிகாரிகள் நீதிபதிகளாக உட்காருவார்கள். அவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து சட்டம் சொல்லும் வேலை இவருடையது. தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்று, சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்து, இப்போது ஒரு வருஷமாக மாமல்லபுரம் கடற்கரையில் புது நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்துக்குத் தலைவர். அங்கே இவருடைய முதல் பாடம் பிரசித்தம்.

"நாலஞ்சு பேர் சேர்ந்து தீர்ப்பு சொன்னா, இளையவன்தான் முதல்ல வாய் திறக்கணும். பெரியவர் முதல்ல சொல்லிட்டா, மத்தவா எல்லாம் பூம்பூம் மாடு."

வீட்டிலும் அதே சட்டம்தான். ஓட்டலுக்குப் போவதா, கோயிலுக்கா? முதலில் எங்கள் பெண் மதுவந்தி சொல்ல வேண்டும், அப்புறம் நான், கடைசியில் இவர். அவள் கல்யாணமாகிப் போன பிறகு நான்தான் இளையவள்.

"ஏன்னா, யாரு அந்த ஆள்?"

"எல்லப்பன். பட்டாளத்துல ஹவில்தாரா இருந்தான்."

"என்ன வேணுமாம்?"

"தெரியாது."

"தெரியாமலா பூட்டின கேட்டை நாலு தடவை இழுத்துப் பாக்கறேள்?"

ஐந்தாவது தடவையாகப் போய் இழுத்துப் பார்த்தார். எல்லையில் இருந்தபோதுகூட இவர் பயந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுக்கு உள்ளே நின்றபடியே கூப்பிட்டேன்.

"ஏம்ப்பா, உனக்கு இன்னிக்கும் லீவு கிடையாதா?"

"இன்னாம்மா பண்றது, கர்னல் சாப் ஒரு சல்யூட்டுகூட திருப்பித் தரலியே."

"எங்காத்து மனுஷரைக் குத்திட்டு ஜெயிலுக்குப் போகலாம்னு பாக்கறியா?"

அவன் சிரித்துவிட்டான். "ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாச்சிம்மா. ஒரு வருசம். சாப் உக்காந்த கோர்ட்டுதான் அனுப்பிச்சி."

தொண்ணூற்று நாலில் ஆயுத அறையிலிருந்து ஒரு பிஸ்டல் காணாமல் போயிருக்கிறது. சாவி இவனிடம் இருந்தது. திருடன் என்று தீர்ப்பாகி வேலையும் போயிற்று.

"மதுராந்தகத்தாண்ட எங்க ஊரு. இன்னிக்கும் எவன் வூட்டுல பூட்டு ஒடஞ்சாலும் ஜனங்க மொதல்ல என் மூஞ்சியத்தான் பாக்குது."

"அதுக்கு இவர் என்ன பண்ணுவார்?"

"கதவ சாத்திகினு முடிவு பண்ணாங்க இல்ல? அப்போ டீ எடுத்துகினு போன சமையல்காரரு காதால கேட்டாரும்மா. தலைவரா உக்காந்த பிரிகேடியர் சாப் எடுத்தவுடனே, 'இதுல பேச இன்னா கீது, இவன்தான் திருடன்'ன்ட்டாராம். சட்டப்படி கடைசியா சொல்ல வேண்டியவரு மொதல்ல சொல்லிட்டாரு. மத்தவங்க தலய ஆட்டிட்டாங்க. அந்த அஞ்சு அதிகாரிங்களும் சமையல்காரரும் இப்ப உசுரோட இல்ல. ஐகோர்ட்டுல கேசு கீது. சாப் ஒருத்தர்தான் பாக்கி."

எங்கள் வீட்டில் இளையவர் சட்டம் எந்த வருஷம் வந்தது என்று யோசித்தேன். தொண்ணூற்று நாலு. அதற்கு முன் இவர் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இவர்தான்.

"உள்ளே நடந்ததை வெளியே சொல்றதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், எல்லப்பன். உனக்கும் சொல்ல முடியாது. இவளுக்கும் சொல்ல முடியாது."

"அப்போ என் கதி, சாப்?"

"கோர்ட் கேட்டா சொல்லலாம். சத்தியத்துல அதுக்கு மட்டும் இடம் இருக்கு. உன் வக்கீல்கிட்ட சொல்லி என்னைச் சாட்சிக்குக் கூப்பிடு."

"கூப்ட்டா வருவீங்களா?"

இவர் உள்ளே போய்விட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "போனா என்ன ஆகும்?"

"பேப்பர்ல வரும். இளையவர் முதல்லன்னு பாடம் எடுக்கறவன் அன்னிக்குத் தடுக்கலைன்னும் வரும். அப்புறம் அந்த நாற்காலியில உக்கார முடியாது."

"போகலேன்னா?"

"ஒண்ணும் ஆகாது. தபால் வந்தா, ஆள் இல்லேன்னு திருப்பிண்டே இருந்தா போறும். எத்தனை தடவை அனுப்புவான்?" மோர்சாதத்தை அளைந்துகொண்டே சொன்னார்: "நீ சொல்லு முதல்ல."

"எனக்குப் பயமா இருக்கு. தபாலை வாங்க வேண்டாம்."

இவர் தலையை ஆட்டினார். தன் பங்குக்கு எதுவும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து எல்லப்பனைக் காணோம். நின்றபோது இருந்ததைவிட, நிற்காதபோது பயம் அதிகமாயிற்று. காலிங் பெல் அடித்தால் கையிலிருக்கும் பாத்திரம் நழுவும்.

ஒரு மாசம் கழித்து தபால்காரர் ஜானகிராமன் வந்தார்.

"ஐகோர்ட்டு தபாலு மாமி, ரிஜிஸ்தர். சார் இல்லன்னா நீங்களே கையெழுத்துப் போடலாம். இல்ல, ஆள் இல்லன்னு எழுதிகினு போய்டட்டா?"

ஆள் இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். எதிரே தையல் கடை வாசல் காலியாக இருந்தது. அன்று இவர் ஆட்டிய தலை நினைவுக்கு வந்தது. அந்த அறையிலும் இப்படித்தானே ஆட்டியிருப்பார்கள்?

"இன்னா மாமி, ஆள் இல்லன்னு எழுதிடட்டா?"

"பேனாவைக் குடுங்கோ."

கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டுவிட்டு பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்தேன்.

"ஏன்னா, வந்துடுத்து. கோர்ட் தபால்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"திருப்பிட்டியா?"

"வாங்கிட்டேன். அன்னிக்கு நான் சொன்னது தப்பு, மாத்திண்டுட்டேன். கடைசியா சொல்ல வேண்டியவர் நீங்க. இன்னும் சொல்லலையே?"

"எனக்கும் பயமாத்தான் இருக்குடி."

"தெரியும்."

"என்னிக்குப் போட்டிருக்கா?"

"பதினேழு. காலம்பற பத்தரை."

"அப்போ ஏழு மணி ரயிலைப் பிடிச்சாகணும்."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"நடுவுல தாம்பரத்துல இறங்கிடாம பாத்துக்கத்தான்."