தையற்காரம்மா தைத்த மாடு

"யார் வீட்டுல இருக்கா உங்க பொண்ணு?"

என் தம்பி மகளின் கை ஒடிந்த செய்தி வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். தம்பி காலமான பிறகு அவளுக்கு நான்தான் பொறுப்பு. கால்நடை மருத்துவம் படிக்க அவளை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று இவர்கள் கேட்டபோது, "எங்க வீட்டுப் பொண்ணு எங்க போனாலும் எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்று வாயை அடைத்தவன் நான். இப்போது, கல்லூரியில் ஒரு மாடு அவளைக் கம்பித் தடுப்போடு சேர்த்து நெரித்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு தையற்காரம்மாவின் மாடியறையில் குடியிருக்கிறாள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்து ரயில் ஏறினேன்.

அந்த வீட்டின் முன்னறைதான் தையல் கடை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் தம்பி மகளின் குரல் கேட்டது.

"மூணு மாசம்."

"நல்லாப் பாத்துச் சொல்லுடி. மூணா, நாலா?"

ஒற்றைச் செருப்போடு உள்ளே பாய்ந்தேன். திரைச்சீலையை விலக்கினேன். தையற்காரம்மா மடியில் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழைக்கோட்டுத் துணியில் தைத்து, வாயில் எலாஸ்டிக் வைத்த பை. என் தம்பி மகள் வலக்கை மாவுக்கட்டோடு, கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையை அதற்குள் தோள்வரை விட்டிருந்தாள்.

"பெரியப்பா!" என்று கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

பைக்குள் தண்ணீர் நிரப்பிய பலூன்கள். மாட்டின் பின்புறம் வழியாகக் கையை உள்ளே விட்டு, கர்ப்பப்பையைத் தடவி, சினையா இல்லையா, எத்தனை மாதம் என்று சொல்ல வேண்டும். அதுதான் வரும் வாரம் செய்முறைப் பரீட்சை. அவள் இதுவரை பழகியதெல்லாம் வலக்கையில்.

"பெட்டியை எடு. கிளம்பு" என்றேன்.

"இதை விட்டா ஒரு வருஷம் போச்சு, பெரியப்பா."

"போனாப் போகுது. அடுத்தவங்க வீட்டுல எத்தனை நாள் பாரமா இருப்பே?"

"ஐயா, மொதல்ல கை கால் கழுவுங்க. அப்புறம் தெம்பா சண்டை போடலாம்" என்றார் தையற்காரம்மா.

கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் பெண்ணை நன்றாகப் பார்த்தேன். பின்னல் ஒரு முடி பிசகாமல் இருந்தது. ஒற்றைக் கையால் போடக்கூடிய பின்னல் இல்லை அது. அவளுடைய வெள்ளைக் கோட்டில் பொத்தான்களை எடுத்துவிட்டு, ஒரு கையாலேயே ஒட்டிப் பிரிக்கும் பட்டை தைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து யாரோ அளவு கொடுக்க வந்தார்கள். "ஐயா, கொஞ்சம் பிடிங்க" என்று பையை என் மடியில் வைத்துவிட்டுத் தையற்காரம்மா எழுந்து போனார். மறு நிமிடம் என் தம்பி மகளின் கை அதற்குள் இருந்தது.

"இறுக்கிப் பிடிங்க, பெரியப்பா. மாடு கையை நெரிக்கும்."

பிடித்தேன்.

"என்னங்கய்யா, கல்யாண போட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருக்கீங்க? எந்த மாடு அப்படி நிக்கும்? அசைஞ்சு குடுங்க!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

அசைந்து கொடுத்தேன். அளவு கொடுக்க வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"நாலு மாசம்!" என்றாள் பெண்.

திறந்து பார்த்தால், அது அடியில் தனியாகக் கட்டியிருந்த பலூன். "ஐயோ, மூத்திரப்பை!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நிறைஞ்சிருந்தா சினை மாதிரியே இருக்கும், பெரியப்பா. எல்லாரும் ஏமாறுற இடம்."

கிளம்பும் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் எனக்குக் கட்டில் போட்டார்கள். பரீட்சை வரை தினமும் நான்தான் மாடு. அவள் அவசரப்படுகிறாள் என்று தோன்றியபோதெல்லாம் அந்த அடிப் பலூனை நன்றாக நிரப்பி வைத்தேன்.

பரீட்சையன்று கல்லூரி மாட்டுக் கொட்டகைக்குள் உதவிக்குத் தையற்காரம்மாவை மட்டும் விட்டார்கள். நீளமான கையுறையைத் தோள்வரை இழுத்து, நாடாவால் கட்டிவிட்டார். நான் கம்பிக்கு வெளியே நின்றேன். இரண்டு மாடுகளுக்குச் சரியாகச் சொன்னாள். மூன்றாவதில் உள்ளே போன கை வெகுநேரம் வெளியே வரவில்லை. கன்னத்தை மாட்டின் மேல் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா, எத்தனை மாசம்?" என்றார் பரீட்சை அதிகாரி.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சினை இல்ல சார். கையில தட்டுறது மூத்திரப்பை. கர்ப்பப்பை அதுக்கு மேல சின்னதா இருக்கு."

அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தானும் கையுறை மாட்டிக்கொண்டு தடவினார். மாடு வாலைத் தூக்கி, அவருடைய காலணிகள் நிறையும்படி சிறுநீர் விட்டது.

"சார், மாடே சொல்லிடுச்சு!" என்றார் தையற்காரம்மா.

அந்த மனிதரும் சிரித்துவிட்டார். "பாஸ்மா. இடது கையில யார்கிட்ட பழகினே?"

"எங்க வீட்டு மாட்டுகிட்ட சார்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள் கழுதை.

அன்று மாலை பெட்டியோடு வாசலில் நின்றேன். எங்கள் வீட்டில் சொந்தங்களுக்கு நன்றி சொல்லும் வழக்கமில்லை. அந்நியருக்குச் சொல்வதுபோல இவருக்குச் சொல்லவும் மனம் வரவில்லை.

"பொண்ணைப் பாத்துக்கோ, தங்கச்சி" என்றேன்.

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்கண்ணே. அடுத்த வருஷம் குதிரையாம். பெரிய பையாத் தைச்சு வைக்கிறேன், உக்கார வந்துடுங்க" என்றார்.

ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "என்ன, பொண்ணை விட்டுட்டு வந்துட்டீங்க? யார் வீட்டுல இருக்கா?"

"அவ அத்தை வீட்டுல" என்றேன்.