கணக்கில் வந்தவர்கள்

"அந்த அமெரிக்காக்காரங்க கதைய இன்னொரு வாட்டி சொல்லு மாதேசு" என்று பூபதி கேட்டபோது மாதேஸ்வரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. மதியம் மத்திகிரி கல்யாண மண்டபத்தில் கம்பெனியின் புதுத் தொழிற்சங்க விதிகளை நிறைவேற்றும் கூட்டம். அவற்றை எழுதிய குழுவில் பூபதியும் ஒருவன்.

பாகலூர் ரோட்டில் இருவருக்கும் ஒரே கம்பெனிதான். அவன் பர்மனென்ட், அவள் காண்ட்ராக்ட். சிங்காரப்பேட்டையில் டிகிரியோடு நின்றுபோனவளை, கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் அரசியல் எம்.ஏ. சேர்த்துவிட்டவனே அவன்தான். பரீட்சைக்கு அவள் வாய்விட்டுப் படிப்பதைச் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவனுடைய எத்தனையோ கோபங்களை அவள் மறந்திருக்கிறாள்.

"ஃபிலடெல்ஃபியாவுல நல்ல வெயில் காலம். பேச்சு வெளிய போவக்கூடாதுன்னு ஜன்னலெல்லாம் அடைச்சுட்டு அரசியல் சட்டம் எழுத உக்காந்தாங்க. பெரிய மாநிலம் ஆளுக்குத் தக்கன சபையில சீட்டு கேட்டுச்சு. சின்ன மாநிலம் எல்லாருக்கும் சமமா வேணும்னுச்சு..."

"அதில்ல. அடிமைங்க விசயம்."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. படிக்கும்போது அவள் அழுத பக்கம் அது.

"தெக்கத்தி முதலாளிங்க அவங்களையும் தலைக்கணக்குல சேக்கச் சொன்னாங்க. சேத்தா முதலாளிங்களுக்குத்தான சீட்டு அதிகம்? வடக்க இருந்தவங்க ஒத்துக்கல. கடைசியில அஞ்சு பேர மூணு பேரா வச்சுக்கலாம்னு முடிச்சாங்க. அவங்களுக்கு ஓட்டு மட்டும் கெடையாது."

"ஒத்துக்கலன்னா?"

"நாடே ஆயிருக்காதுன்றாங்க. ஆனா கடைசியில சில பேரு கையெழுத்துப் போடல மாமா. ஜனங்களுக்கு என்ன உரிமைன்னு இதுல எழுதவே இல்லயேன்னு..."

அதற்குள் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தான்.

மண்டபத்தில் காண்ட்ராக்ட் பெண்களுக்குப் பின்வரிசை. மேடையில் பூபதி மைக்கைப் பிடித்தான். "கம்பெனி நம்மள மதிக்கணும்னா தலை எண்ணிக்கை வேணும். எல்லாரும் கை தூக்குங்க." மொத்தக் கூடமும் கை தூக்கியது. எண்ணி முடித்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பக்கத்தில் இருந்த ஜோதியம்மாள், "உன் ஊட்டுக்காரரு நம்மளயும் சேத்துட்டாருடி" என்று அவள் தொடையில் தட்டினாள். மாதேஸ்வரி இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த விதியையும் அவனே வாசித்தான். காண்ட்ராக்ட் தொழிலாளர் சங்க எண்ணிக்கையில் சேர்வார்கள். ஆனால் ஓட்டுப் போடவோ தேர்தலில் நிற்கவோ முடியாது. முணுமுணுப்பு எழுந்தது. அவன் கை உயர்த்தி அடக்கினான். "அமெரிக்காவுலயே ஆரம்பத்துல இப்பிடித்தான் விட்டுக்குடுத்தாங்க. இல்லன்னா அந்த நாடே ஆயிருக்காது."

வார்த்தை அவளுடையது. அவள் இழுத்துச் சொல்லும் அந்த இழுப்புகூட அவளுடையது. இத்தனை நாள் சோறு ஆற ஆறக் கேட்டதெல்லாம் இதற்குத்தானா என்று நினைத்தபோது, யாரோ தெரியாதவர் மேடையில் நிற்பதுபோல் இருந்தது.

எழுந்து நின்றாள். "விட்டுக்குடுத்தது யாரு, போனது யாருக்குன்னும் சொல்லுங்க."

தலைகள் திரும்பின. பூபதியின் முகம் சிவந்தது. "உக்காரு மாதேசு. இப்ப பிரிஞ்சா கம்பெனிக்குத்தான் லாபம். பின்னால மாத்திக்கலாம்."

அந்தப் பின்னால் வருவதற்குள் அமெரிக்காவில் ஒரு உள்நாட்டுப் போரே நடந்தது. அந்தப் பாடத்தை அவனுக்கு அவள் இன்னும் படித்துக் காட்டியிருக்கவில்லை.

"பர்மனென்ட் ஆளுங்க மட்டும். ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க."

முன்வரிசைகள் கைகளால் நிறைந்தன.

"எதிர்ப்பு?"

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். மாதேஸ்வரியும் தூக்கினாள். ஜோதியம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் இறக்கவில்லை. பூபதி ஆள்காட்டி விரலை நீட்டி, உதடு அசைய, வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தான். விரல் பின்வரிசைக்கு வந்து அவள்மேல் நின்றது. அவன் கண்ணும் நின்றது. உதடு அசையவில்லை. பிறகு அந்த விரல் மெதுவாக அவளைத் தாண்டி, சுவரோரம் கை தூக்கியிருந்த பர்மனென்ட் ஆளிடம் போயிற்று.