விலையில் சேராத கிணறு

1

இந்தக் கதை என் ஜன்னலிலிருந்து வந்தது. பின்னால் இருக்கும் காலி மனையில் முள்ளும் கொடியும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தன. ஒருநாள் நடுவயதுப் பெண்ணொருத்தி நீளக் கம்பால் தரையைத் தட்டித் தட்டி உள்ளே போனாள். ஓரிடத்தில் கம்பு தரையில் படவில்லை; உள்ளே இறங்கியது. அப்படியே நின்றுவிட்டாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

"விடிந்தும் விடியாத அந்தப் பொழுதில் அவள்..."

வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

அவள் மனைகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் சின்ன காண்ட்ராக்டர். சொந்தமாக ஒரு பழைய மண்வாரி இயந்திரம் உண்டு. அதை ஓட்டிக்கொண்டிருந்த தம்பி சண்டை போட்டுக்கொண்டு போட்டிக்காரரிடமே வேலைக்குப் போய்விட்டான். போட்டிக்காரரை எல்லோரும் மொட்டை என்றுதான் சொல்வார்கள். (சண்டை எதற்கு என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். காரணம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் புரியும்.)

மனையை வாங்கியிருந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். இருவரிடமும் விலை கேட்டிருந்தார். மொட்டை வண்டியை விட்டு இறங்காமலே பார்த்து விலை சொல்லிவிட்டார். இவள் முள் கிழிக்க உள்ளே போய், கைப்பிடிச் சுவரில்லாத ஒரு பாழுங்கிணற்றைக் கண்டுபிடித்தாள். கொடி அதன்மேல் பாய் விரித்தாற்போல் மூடியிருந்தது.

டீசல், வேர் தோண்டுவது, குப்பை அள்ளுவது வரை இருவர் விலையும் ஒட்டித்தான் வரும். கிணற்றை மூடும் மண்ணையும் சேர்த்தால் இவள் விலை எங்கேயோ போய்விடும். சேர்க்காவிட்டால் வேலை கிடைக்கும். பிறகு கையைக் கடிக்கும். சேர்த்தே சொன்னாள்.

"பத்திரத்துல கிணறே இல்லையேம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கிணறு பத்திரத்தைப் பாத்துட்டா இருக்கும்? வாங்க, காட்டுறேன்."

"அந்த முள்ளுக்குள்ளயா? விலை ஏத்தணும்னா ஏத்திக்குங்க. கிணறெல்லாம் எதுக்கு?"

வேலை மொட்டைக்குப் போனது.

3

(இங்கேயே முடித்திருக்கலாம். எனக்கும் சாப்பாட்டு நேரம். ஆனால் மொட்டையின் இயந்திரத்தை ஓட்டப்போவது யார்?)

தம்பிக்குப் போன் போட்டாள்.

"அந்த மனையில கிணறு இருக்குடா. நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி. பாத்து ஓட்டு."

"வேலை போச்சுன்னு புதுசா கிணறு வெட்டுறியாக்கா?"

"டேய், நான் சொல்றதை..."

"நான் பயந்துபோய் மொட்டைகிட்ட சொல்வேன், அவரு விலையை ஏத்துவாரு, கடைக்காரர் உன்கிட்டயே திரும்பி வருவாரு. அதானே?"

வைத்துவிட்டான்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இருப்புத்தான் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், வண்டிச் சாவியை எடுத்தாள், வைத்தாள். வேலை கிடைக்காத எவன் வந்து இப்படிச் சொல்லியிருந்தாலும் அவளும் நம்பியிருக்கமாட்டாள். அதுதான் அவளைப் போட்டுப் பிடுங்கியது.

4

"மறுநாள் அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து..."

இல்லை. இந்த வாக்கியத்தை எழுதி முடிக்க எனக்குத் தைரியமில்லை.

இப்படி வைத்துக்கொள்வோம். இயந்திரம் வருவதற்கு முன்பே அரிவாளோடு போய்விட்டாள். குப்புறப் படுத்து, கிணற்றைச் சுற்றியிருந்த கொடியை அறுத்து அறுத்து இழுத்துப் போட்டாள். கூலி தர ஆளில்லாத வேலை. முழங்கைவரை முள். கடைசியில் கிணறு வாயைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தது.

தம்பி வந்தான். அக்காவைப் பார்த்து முகம் சுளித்தான். பிறகுதான் கிணற்றைப் பார்த்தான். இயந்திரத்தை அணைத்து இறங்கினான். விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தவன், சட்டென்று பின்னால் நகர்ந்தான்.

5

இப்போது அவன் ஏதாவது பேசியாக வேண்டும். "மன்னிச்சிடுக்கா" என்று எழுதினேன். சினிமா வசனம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். "மூட எத்தனை லோடு மண்ணு ஆகும்?" என்று எழுதினேன், அவன் குணத்துக்கு அதுதான் சரி, ஆனால் அவள் அழுதுவிடுவாள். அதையும் அடித்தேன். ஒன்றும் பேசாமல் திரும்ப ஏறி உட்கார்ந்துகொள்வதாக எழுதினேன். அதை அடிக்கக் கை வரவில்லை, விட்டுவைக்கவும் மனமில்லை.

உங்களுக்கும் பேச்சு நின்றுபோன உறவு ஒன்று இருக்கும். அவன் என்ன சொல்வான் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவள் கையிலிருக்கும் முள்ளைப் பிடுங்குகிற சாக்கில் தலையைக் குனிந்து நிற்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான்.

சொல்லுங்கள்.