ஊசியைத் தூங்க வைக்காமல்

குழந்தைவேலு சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கியதும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் நின்றது.

படுக்கையறை வாசலில் நின்ற அகத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்து வீட்டுக் குழந்தைவேலு மேசைமேல் இருந்த சாம்பல் நிற டிஸ்க் டப்பாவை வயர்களோடு அள்ளி, பிள்ளையை இடுப்பில் இடுக்குவதுபோல் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் பின்னால் இரண்டு பேர் கம்ப்யூட்டரையும் மேசையையும் தூக்கிப் போனார்கள்.

அவர்கள்மேல் குற்றமில்லை. சுங்கைப் பட்டாணியில் அந்தத் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆண்கள் யாரும் கூப்பிடாமலே வந்து ஹாலைக் காலி செய்து கொடுப்பார்கள். அகத்தாவின் கணவன் இஞ்ஞாசிமுத்துவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. சவப்பெட்டி வைக்க இடம் வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு மார்பு வலித்தது. வேனில் ஏற்றிப் போன அவசரத்தில் யாரும் எதையும் அணைக்கவில்லை. காலையில் எல்லாம் முடிந்து அகத்தா வீட்டுக் கதவைத் திறந்தபோது டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. சன்னமான இரைச்சல். இரண்டு வருடமாகச் சமையலறையில் உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் கேட்டுப் பழகியது. அது கேட்டால் அவர் வேலையில் இருக்கிறார். காப்பி போடட்டுமா என்று கேட்கத் திரும்பியேவிட்டாள்.

சுங்கை லாலாங் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பினாங்கில் ஓர் ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் வாங்கி வந்திருந்தார். மாதா கோயிலில் தமிழ் டைப்ரைட்டர் கிடையாது. பாட்டுத் தாளை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கொடுப்பார்கள். "தமிழ்ப் பாட்டை ஏபிசிடியில பாடறது, சோத்துல கல்லு கடிபடற மாதிரி இருக்கு," என்பார். அதற்காகத் திரையில் புள்ளி புள்ளியாக வைத்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். எல்லா எழுத்தும் அந்த டப்பாவுக்குள் இருந்தன.

பிள்ளையில்லாத வீடு. அகத்தா சமையலறையிலிருந்தே சீண்டுவாள்.

"என் சக்களத்தி சாப்ட்டாளா?"

"அவ கரண்டு மட்டுந்தான் சாப்பிடுவா. ஒன்ன மாதிரி உப்புப் பத்தலன்னு கோவிக்க மாட்டா."

பெருக்கும்போது அவள் டப்பாவைத் தள்ளப் போனால் பதறுவார். "நகத்தறதுக்கு முன்னாடி ஊசியத் தூங்க வைக்கணும் அகத்தா. ஓடிக்கிட்டு இருக்கிறப்ப தூக்குனா உள்ள தட்டுல கீறிப்புடும்."

"ஊசியெல்லாம் தூங்கட்டும். மனுசி முழிச்சிக்கிட்டு கெடக்கிறேன்."

ஹால் காலியானதும் அவள் கணவனின் தம்பி ஜெரார்ட் வந்து நின்றான். "அண்ணி, அடக்கத்துக்குப் பாட்டுத் தாள் வேணும். டவுன்ல டைப் அடிச்சு போட்டோஸ்டாட் எடுத்துர்றேன்."

"அவரு எழுத்துல எடுக்கலாம்."

"அதெல்லாம் ஆவற காரியமா இப்ப?"

"மனோகரனக் கூப்பிடு."

மனோகரன் எலெக்ட்ரானிக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இஞ்ஞாசிமுத்துவோடு அந்த மேசையில் உட்கார்ந்து வயர் மாட்டிக் கழற்றியவன். மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தவன், அழுகையைத் துடைத்துக்கொண்டு நேராகக் குழந்தைவேலு வீட்டுப் போர்ச்சுக்குப் போனான். அங்கே ஸ்டூலின்மேல் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். முதலில் டிஸ்க், அது ஓடிச் சத்தம் நிதானமான பிறகுதான் கம்ப்யூட்டர். அதுதான் இஞ்ஞாசிமுத்து வைத்த முறை. டிஸ்க்கின் ஸ்விட்சைத் தட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. டிக் என்றது. அதோடு சரி.

வயரை மாற்றிப் பார்த்தான். வேறு பிளக்கில் சொருகினான். டப்பாவின் பின்னால் காலியாக இருக்கும் துளையில் மாட்டுகிற சின்ன அடைப்பைக் கழற்றி ஊதி மாட்டினான். மறுபடியும் டிக்.

"ஓடிக்கிட்டு இருந்ததா, பிடுங்கறப்ப?"

குழந்தைவேலுவின் முகம் சுருங்கியது. "நாந்தான்டா. ரேடியோ மாதிரின்னு நெனச்சேன். சாச்சித் தூக்கிட்டேன் லா."

"ஒனக்கெப்படித் தெரிஞ்சிருக்கும்," என்றாள் அகத்தா. எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

மனோகரன் எழுந்து நின்றான். "அக்கா, ஊசி தட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும்னு தோணுது. ஸ்விட்சு போட்டவொடனே டப்பாவ ரெண்டு கையால புடிச்சு வெடுக்குன்னு ஒரு திருப்பு திருப்புனா சில நேரம் சுத்த ஆரம்பிக்கும். சில நேரம் உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும்."

"போனா?"

"அண்ணன் வரைஞ்சது ஒண்ணும் மிஞ்சாது. வேற காப்பி எடுத்து வைக்கல. அடுத்த மாசம் எடுக்கலாம்னு சொன்னாரு."

"எப்படியும் செத்துப் போனதுதானே. திருப்பிப் பாருடா," என்றான் ஜெரார்ட்.

ஜெரார்ட் தரையைப் பார்த்தான். சந்து முனையில் ஆஸ்பத்திரி வேன் திரும்பும் சத்தம் கேட்டது.

"இப்ப வேணாம்," என்றாள் அகத்தா. தோளில் கிடந்த துண்டை எடுத்து டப்பாவின்மேல் போட்டுவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

அன்று பிற்பகல் கல்லறைத் தோட்டத்தில் எல்லார் கையிலும் ஜெரார்ட் எடுத்து வந்த தாள் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து. வெயில் அதிகமாக இருந்ததால் பாதிப் பேர் அதை விசிறிக்கொண்டே பாடினார்கள். அகத்தாவிடமும் ஒன்று கொடுத்தார்கள். அவள் அதைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டாள். பாட்டு அவளுக்குத் தெரியும்; பாடவில்லை.

திரும்பி வந்தபோது ஹாலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் நாற்காலிகள் வந்தன, டிவி வந்தது, மேசை வந்தது. குழந்தைவேலு டப்பாவை இந்த முறை இரண்டு கையாலும் ஏந்தி, தண்ணீர் நிறைந்த குடத்தைக் கொண்டுவருவதுபோல் மெல்ல நடந்து வந்தான். ஜெரார்ட்டின் மனைவி ஜேன், "கொஞ்சம் படுங்கக்கா, பாத்திரம் நான் பாத்துக்கறேன்," என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மனோகரன் வயர்களை மாட்டி முடித்து, கிளம்பத் தயாராக நின்றான்.

"எப்படித் திருப்பணும்னு காட்டு," என்றாள் அகத்தா.

"அக்கா, பினாங்குல ஒரு சீனன் இருக்கான். திறந்து பாப்பான். அவசரமில்ல."

"காட்டு."

வெறுங்கையால் காற்றில் காட்டினான். மணிக்கட்டு மட்டும் அசைந்தது. அவள் டப்பாவைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவன் ஸ்விட்சைப் போட்டான். டிக். திருப்பினாள். ஒன்றுமில்லை. அணைத்து, மறுபடி போட்டான். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். உள்ளே எதுவோ உரசியது, விட்டது, சுற்றத் தொடங்கியது. உள்ளங்கையில் முதலில் தெரிந்து, பிறகு காதுக்கு வந்தது. மெல்ல ஏறி, ஏறி, பழைய இடத்தில் நின்றது.

குனிந்து, அதன் இடத்தில் வைத்தாள்.

மனோகரனின் கை கம்ப்யூட்டர் ஸ்விட்சுக்குப் போனது. "போடவா? எழுத்தெல்லாம் இருக்கான்னு பாத்துருவோம்."

"நாளைக்குப் பாக்கலாம்."

"இத அணைச்சிரவா அப்ப?"

"ஓடட்டும்."

சமையலறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். ஜேன் ஒதுங்கி வழிவிட்டாள். முந்தின நாள் பாசாரில் வாங்கிய கீரை தொட்டிப் பக்கம் வாடிக் கிடந்தது. அதை எடுத்து, கதவைச் சாத்தாமல், ஹாலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆயத் தொடங்கினாள்.