பாதி மரம் வரைக்கும்

அரிசி களைந்துகொண்டிருந்த உமாங்குக்குப் பின்பக்கம் ‘தடால்’ என்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. எவன் வீட்டுப் பூனை எதைத் தள்ளித் தொலைத்ததோ என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். பூனை இல்லை. வெளியே ஜன்னலுக்குக் கீழே பலகைத் தரையில், இறக்கைகளை விரித்தபடி ஓர் இருவாச்சி கவிழ்ந்து கிடந்தது. ஆண். கொம்பு வைத்த பெரிய மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மேலே ஜன்னல் கண்ணாடியில் கையகலத்துக்கு ரத்தம்.

மிரி நகரத்துக் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் அவள் புருஷன் போன மாதம்தான் அந்தக் கருப்புக் கண்ணாடியை வாங்கி அனுப்பியிருந்தான். இருபத்திரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்த நீளவீட்டில் அப்படி ஒரு ஜன்னல் அவளுடைய அறைக்கு மட்டும்தான். உள்ளேயிருந்து பார்த்தாலும் காடு தெரியும், வெளியேயிருந்து பார்த்தாலும் காடுதான் தெரியும். பெருமையாக இருந்தது. இப்போது அதைக் கல்லால் அடித்து நொறுக்கலாம் போலிருந்தது.

பறவையைத் தூக்கியபோது அதன் தொண்டையிலிருந்து அத்திப்பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன. பதினொன்று. மிளகுத் தோட்டத்துக்கு அப்பால் நிற்கும் பெருமரத்துப் பொந்தில் இதன் பெட்டை அடைபட்டுக் கிடக்கிறது. சேற்றால் வாசலைப் பூசி, மூக்கு நீளும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவிட்டு, முட்டையோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. மிளகு பறிக்கும்போதெல்லாம் அவன் வந்து போவதை அவள் பார்த்திருக்கிறாள். “வந்துட்டாருய்யா மாப்பிள்ளை, சோத்து மூட்டையோட” என்று கேலிகூடச் செய்வாள்.

அதற்குப் பிறகு செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. அந்த வீட்டில் வேறு எவள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். தெய்வத்தின் பறவை வாசலில் வந்து செத்தால் அழுக்கோடா போட்டு வைப்பார்கள்? ரத்தத்தைக் கழுவினாள். சிறகுகளை நீவி மடித்தாள். வீட்டின்மேல் ரத்தம் காயக்கூடாது என்று கண்ணாடியைத் துடைத்தாள். பிறப்புக்கும் சாவுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கும் ‘பூவா’ என்ற சடங்குத் துணியில் அதைச் சுற்றி நடுக்கூடத்துப் பாயில் கிடத்தி, பக்கத்தில் ஒரு தட்டில் சோறும் முட்டையும் வைத்தாள்.

தம்பி சீபாட் உள்ளே வந்தவன், துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அவன் தேன் எடுக்கிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டு இருவாச்சி இறகை நகரத்தில் விற்கப்போய் மாட்டிக்கொண்டு, ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவன்.

“அக்கா, இது எப்படி இங்க?”

“கண்ணாடில முட்டிச் செத்துப்போச்சுடா.”

“நான் இருக்கற வீட்டுல இது தானாச் செத்துச்சுன்னா எவன் நம்புவான்? பனமரத்தடியில பால் குடிச்ச கததான். பேசாம பொதச்சிடு.”

“அப்ப பெட்ட?”

“அத நான் பாத்துக்கறேன். நான் ஏறாத மரமா?”

“அந்தப் பொந்துகிட்ட உன்ன எவனாச்சும் பாத்தா, குஞ்சு திருட வந்தான்னு கட்டிவெச்சு அடிப்பானுங்கடா. நாம தப்பு பண்ணல. மறைச்சாத்தான் தப்பு. ஆபீஸுல ஏணி இருக்கும், ஆளு இருக்கும். அவுங்க எறக்கட்டும்.”

நீளவீட்டுத் தலைவரும் வந்து பார்த்தார். “பொதச்சிட்டு வாய மூடிக்க, தாயி. வேலில போற ஓணான எதுக்கு எடுத்து மடியில கட்டிக்கற?” என்றார். அவள் கேட்கவில்லை. மேட்டில் ஏறி நின்று, சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து வன அலுவலகத்துக்கு போன் போட்டாள்.

“நாளைக்கு வரோம்மா. எதையும் தொடாதீங்க. கெடந்த எடத்துலயே கெடக்கட்டும்” என்றது மறுமுனைக் குரல்.

உமாங் “சரிங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் படகு வந்தது. அதிகாரி ஹம்டான் மரியாதையான ஆள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார், கொடுத்த காப்பியைக் குடித்தார், பறவையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கண்ணாடியையும் பார்த்தார். அது பளபளவென்று காட்டைக் காட்டியது.

“ரத்தம் எங்கம்மா?”

“தொடச்சிட்டேன்.”

“ஏன்?”

ஏன் என்றால் என்ன சொல்வாள்? வீட்டுக்கு வந்தவரை ஏன் உட்காரச் சொன்னாய் என்று கேட்டால் பதில் உண்டா? அவள் பதினொரு அத்திப்பழங்களையும் ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். “இதுதான் அது தொண்டைல இருந்துச்சு, ஐயா. நான் ஒண்ணுகூட எறியல. பெட்ட பொந்துக்குள்ள பட்டினியாக் கெடக்கு.”

அவர் வாலிறகுகளை எண்ணினார். எல்லாம் இருந்தன. முகம் கொஞ்சம் இளகியது. “சரி, கூட்டைக் காட்டுங்க. ஆள் வெச்சு எறக்க முடியுமான்னு பாப்போம்.”

உமாங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலைவரைப் பார்த்து, பாத்தியா என்பதுபோல ஒரு பார்வை. முன்னால் ஓடாத குறையாக நடந்தாள். மிளகுத் தோட்டம், ஓடை, அப்புறம் பெருமரம்.

மரத்தில் வரிசையாக மூங்கில் முளைகள். பச்சை மூங்கில். ஒரு முழத்துக்கு ஒன்றாக, தேன் எடுக்கிறவர்கள் கால் வைத்து ஏற அடிப்பதுபோல, பாதி மரம் வரைக்கும் ஏறிப்போய் நின்றிருந்தன. அடித்த இடத்தில் பால் இன்னும் காயவில்லை. விடிகாலையில் தூண்டில் போடப் போகிறேன் என்று கிளம்பினானே சீபாட், பாவி.

“குஞ்சுக்கு நல்ல வெல கெடைக்கும்” என்றான் கூட வந்த காவலன், யாரையும் பார்க்காமல்.

“ஐயோ, திருட இல்லய்யா! அதுக்கு ஊட்டறதுக்கு! சோறு ஊட்டறதுக்கு!”

காவலன் சிரித்துவிட்டான். ஹம்டான் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

புதர் விலகியது. சீபாட் நின்றான். தோளில் மூங்கில் கட்டு, இடுப்பில் முளை அடிக்கும் கொட்டாப்புளி, முதுகுக் கூடையில் அத்திப்பழம். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. “நான்தான் அடிச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்றான்.

ஹம்டான் அவனையும் பார்த்து, கூடையையும் பார்த்தார். “பேர் ஏற்கெனவே பதிவுல இருக்கு, தம்பி. நான் நம்பறது வேற, எழுதறது வேற. வாக்குமூலம் குடுத்துட்டு வா.” கொட்டாப்புளியும் மூங்கிலும் பையில் போயின. படமெடுத்தார்கள். கூட்டைப் பற்றி மேலே எழுதுகிறேன், அடுத்த வாரம் ஏறத் தெரிந்த ஆள் வரும் என்றார்.

“அடுத்த வாரமா?” என்றாள் உமாங். “ஏறத் தெரிஞ்சவனத்தான் நீங்க கூட்டிட்டுப் போறீங்களே, ஐயா.”

பூவாத் துணியை மடித்து அவள் கையில் கொடுத்தார்கள். பறவை ஒரு பிளாஸ்டிக் பையில் போனது. படகில் உட்கார்ந்த சீபாட் திரும்பி, “அக்கா, நீ ஏறிடாத. கீழ் முளை ஆடுது” என்று கத்தினான். அவ்வளவுதான். அவளுக்கு மாரில் அடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. கரையில் வீடே கூடி நின்றது. தலைவர், நான்தான் அப்பவே சொன்னேனே என்றாவது சொல்லியிருக்கலாம்.

பொழுது சாய்கிற நேரத்தில், சீபாட் இறக்கிவைத்துவிட்டுப் போன கூடையைத் தேடி உமாங் மரத்தடிக்குப் போனாள். எறும்பு மொய்த்திருந்தது. தட்டிவிட்டு, நல்ல பழங்களாகப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டாள். பரணுக்குமேல் ஏறி அறியாதவள். முதல் முளையைப் பிடித்து அசைத்தாள். அவன் சொன்னது சரி, ஆடியது. ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து அதைத் தட்டி இறுக்கினாள். டொக். டொக்.

அந்தச் சத்தத்துக்கு, உயரே சேற்றுக் கீறலிலிருந்து மூக்கின் நுனி வெளியே நீண்டு, திறந்தது.