முதலாளியின் வலது பக்கம்

1

இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. எந்தப் பிழை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை பொத்தி வைத்து உங்களைத் தவிக்கவிடும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. ஒரு நாய்க்குப் புற்றுநோய்க் கட்டி வருவதாக எழுதிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் கட்டி நாயின் இடது விலாவில் இருந்தது. சில பக்கம் தள்ளி, அறுவைச் சிகிச்சை வரும் இடத்தில், அதே கட்டி வலது விலாவுக்குப் போய்விட்டது. எழுதியவன் நான்தான். நானே கவனிக்கவில்லை.

என் கைப்பிரதியை முதலில் படிப்பவர் என் அண்ணி. படித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் கதாசிரியரே, உங்க நாய்க்கு வந்த கட்டிக்குக் காலு மொளைச்சிருக்கா? இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நடந்து போயிருக்கே?"

ஒரு சொல்லை அடித்து இன்னொரு சொல்லைப் போட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் எழுதுகிறவன் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே! பிழையைத் திருத்தாமல், கதைக்குள் இருந்த ஒருத்தியின் தலையில் அதைக் கட்டிவிட்டேன். அப்புறம்தான் எல்லாம் கோணலாகப் போனது.

2

அவள் ஒரு தையற்காரி. (முதலில் பள்ளி ஆசிரியையாக வைத்திருந்தேன். ஆசிரியைக்கு இடமும் வலமும் குழம்பாது என்பதால் தொழிலை மாற்றினேன். அவளிடம் கேட்கவில்லை.)

சின்னக் கடை. வாசலையொட்டி மிஷின், சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, வெட்டுகிற மேசைக்கு அடியில் துண்டுத் துணி மூட்டை. அந்த மூட்டைமேல் படுத்திருக்கும் கறுப்பு நாய்க்கு முதலாளி என்று பெயர். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் நாளெல்லாம் மேற்பார்வை பார்ப்பதால் அவளுடைய தம்பி வைத்த பெயர் அது. தம்பி அதே கடையில் பொத்தான் தைப்பான், காஜா எடுப்பான், கை ஓய்ந்தாலும் வாய் ஓயமாட்டான்.

நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் பெண் டாக்டர், கட்டியில் ஊசி குத்தி எடுத்ததைச் சோதித்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"அக்கா, இது கேன்சர்தான். ஆனா ஒரே இடத்துல நிக்குது. எடுத்துட்டா பொழைக்க வாய்ப்பிருக்கு. கட்டியை மட்டும் எடுத்தாப் பத்தாது, சுத்தியிருக்கிற நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுக்கணும்."

"தையலுக்குத் துணி விட்டு வெட்டற மாதிரியா?"

"அதேதான். அதுவரைக்கும் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க. அழுத்தினா ஆபத்து."

அந்த நாயை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை என்று ஒரு வரி எழுதி அடித்தேன். அது பொய். சொந்தபந்தம் இருந்தது. ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் யார் முதலில் உள்ளே போவது என்று அவளுக்கும் முதலாளிக்கும் தினமும் போட்டி. போட்டிக்கு ஆளில்லாமல் கதவைத் திறப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அது மட்டும் பிழைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள்.

3

ஆபரேஷனுக்கு முந்தின மத்தியானம். என் பிழையை அவள் கைக்கு மாற்றும் கட்டம் இது.

அடையாளம் போடாமல் கத்தரி எடுக்கத் தையற்காரிக்கு வராது. துணியில் கோடு போடும் தட்டைச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு முதலாளியை எதிரே உட்காரவைத்தாள். கட்டி இடது விலாவில், அடர்ந்த முடிக்குள் இருந்தது. டாக்டர் தொடாதே என்றதால் தடவிப் பார்க்கவில்லை. மனக்கணக்கில் போட்டாள். காலமெல்லாம் வாடிக்கையாளருக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைப் பார்த்தே அடையாளம் போட்ட கை அது. கண்ணாடியில் அவர்களுடைய இடது பக்கம் அவளுக்கும் இடது பக்கமாகவே தெரியும். முதலாளியோ கண்ணாடி இல்லாமல் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தது. கை பழக்கதோஷத்தில் தன் இடப்பக்கம் போய், முதலாளியின் வலது விலாவில் வட்டம் போட்டது.

(எப்படி! யானைக்கும் அடி சறுக்கும், தையற்காரிக்கும் கை சறுக்கும். அண்ணியிடம் காட்டினேன். "சரி சரி, பொழைச்சுப் போங்க" என்றார்.)

"என்னக்கா, முதலாளிக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றான் தம்பி.

"டாக்டர் பக்கம் மாத்தி வெட்டிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்டா."

முதலாளி அசையவில்லை. அவளைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. மேசைக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாய்கள் அப்படிப் பார்ப்பதுண்டு என்று அவள் விட்டுவிட்டாள். என்னால் விடமுடியவில்லை. அந்தக் காட்சியை எழுதும்போது நான் அவர்களை அங்கிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

என் திட்டம் இதுதான்: டாக்டர் வட்டத்தைப் பார்த்துச் சிரிப்பார், துடைப்பார், சரியான பக்கம் கட்டியை எடுப்பார், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். எழுதத் தொடங்கினேன்.

டாக்டர் வெளியே வந்து சிரித்துக்கொண்டே அந்த வட்டத்தை

அதற்குமேல் பேனா போகவில்லை. வந்த டாக்டர் சிரிக்கவில்லை.

"அக்கா, வலது பக்கம் வட்டம் போட்டது யாரு?"

அவள் எழுந்துவிட்டாள். "ஐயையோ, மாத்திப் போட்டுட்டேனா? அந்தப் பக்கம் வெட்டிட்டீங்களா?"

"பயப்படாதீங்க. இடது பக்கக் கட்டியை எடுத்தாச்சு. ஆனா வட்டம் இருக்கேன்னு அங்கேயும் கை வெச்சுப் பாத்தேன். அடியில கடுகு அளவு இன்னொண்ணு இருந்துச்சு. ஸ்கேன்லகூடத் தெரியல. வட்டத்துக்கு நட்டநடுவுல." டாக்டர் அவளையே பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அதையும் எடுத்துட்டேன். ரெண்டையும் பரிசோதனைக்கு அனுப்பறேன். பரவியிருக்கா இல்லையான்னு ரிப்போர்ட் வந்தாத்தான் சொல்லமுடியும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டாவது கட்டியை நான் வைக்கவில்லை. நான் ஒரு பிழை செய்தேன், அவ்வளவுதான். பிழை விழுந்த இடத்தில் அது முளைத்திருந்தது.*

* நல்லதுதானே, இல்லாவிட்டால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்களே என்றார் அண்ணி. வட்டம் போட்டதால் அகப்பட்டதா, வட்டம் போட்டதால் வந்ததா என்று கேட்டேன். எழுந்து போய் அறை விளக்கைப் போட்டுவிட்டு வந்தார். அப்போது பட்டப்பகல்.

5

முதலாளி வீட்டுக்கு வந்தது. இரண்டு விலாவிலும் தையல். நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தார்கள். அது கதவிலும் மேசைக்காலிலும் இடித்துக்கொண்டே போனது. பழைய பருத்தித் துணியில் அவள் அதற்கு ஒரு சட்டை தைத்தாள், மடிப்புகள் உடம்பில் உரசாதபடி வெளிப்பக்கம் வைத்து. வளையத்தைக் கழற்றி எறிந்தாள்.

"பாத்தியா, அன்னிக்கே சொன்னேன், முதலாளிக்குச் சட்டைன்னு" என்று சிரித்த தம்பி, பாதியிலேயே தேம்பிவிட்டான். அவள் தரையில் உட்கார்ந்து பிசைந்த சோற்றைக் கையில் வைத்து நீட்டினாள். "இன்னும் ஒரே ஒரு வாய், என் தங்கம்ல."

இந்த இடத்தில் நான் ஒரு வரி தொடங்கினேன்:

அதன் கழுத்தில் வெள்ளையாக அரை

வாசல் மணி அடித்தது. போய்விட்டு வந்தவன் வரியை மறந்து அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். 'அரை அங்குலத் தழும்பு' என்றுதான் எழுத வந்தேன், பிளாஸ்டிக் வளையம் உரசிய தழும்பு. முடிக்கவில்லை.

மறுநாள் காலை முதலாளியின் கழுத்தைத் துடைக்கப் போனவள் அப்படியே நின்றாள். கறுப்பு முடியில் வெள்ளையாக அரை வட்டம்.

"டேய், இங்க யாருடா கோடு போட்டது?"

"நான் சாக்பீஸ் பக்கமே போகலக்கா."

ஈரத்துணியால் துடைத்தாள். போனது. காய்ந்ததும் திரும்ப வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் அந்த இடத்தை நெடுநேரம் விரலால் தேடினார்.

"இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்குக்கா. ரிப்போர்ட் வரட்டும்."

அந்த அரைகுறை வரியை அடித்தேன். மறுபடி பார்த்தபோதும் அரை வட்டம் அங்கேயே இருந்தது. 'முதலாளி பூரண குணமடைந்தது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். தையல்கள்கூடச் சிவப்பாகவே இருந்தன. சரி, பிழைதானே பலிக்கிறது என்று வேண்டுமென்றே ஒன்று செய்தேன்: 'அந்த நாய்க்குக் கட்டியே வந்ததில்லை.' ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்தே செய்தால் அது பிழையில்லை, வெறும் பொய்.

"பேசாம கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார் அண்ணி.

"கிழிச்சா முதலாளி எங்க போகும் அண்ணி?"

அவர் அந்தத் தாள்களை என் கையிலிருந்து வாங்கி, மடங்காமல் மேசைமேல் வைத்தார்.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். அ) ரிப்போர்ட் நல்லபடி வருகிறது, மூவரும் கடைக்குள் போகிறார்கள். படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆ) முதலாளி துணி மூட்டைமேல் படுத்தபடியே, வலியில்லாமல்

இல்லை, இதை முடிக்கமாட்டேன். முடிக்காமல் விடவும் பயமாக இருக்கிறது.

இப்போது கடை பாதி திறந்திருக்கிறது. முதலாளி சட்டையோடு படியில் படுத்திருக்கிறது. போன் அடிக்கிறது. தம்பி காஜா எடுப்பதை நிறுத்திவிட்டான்.

"அக்கா, ரிப்போர்ட் வந்துடுச்சு" என்கிறார் போனில் டாக்டர்.

"சொல்லுங்க டாக்டர்."

அடுத்த வரி என்னிடம் இருக்கிறது. இந்த நோயைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்துவிட்டேன். இரண்டு விலாவிலும் வந்து, கழுத்திலும் சந்தேகம் என்றால் டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுதினால் பிழையே இல்லாமல் எழுதிவிடுவேன். அதனால் எழுதமாட்டேன்.

உங்களுக்கு இந்த நோயைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதா? ரொம்ப நல்லது. அந்தப் பதிலை நீங்கள் சொல்லுங்கள். யோசிக்காதீர்கள், சரிபார்க்காதீர்கள், வாய்க்கு வந்ததைத் தப்பும் தவறுமாகச் சொல்லுங்கள், அதுதான் இங்கே பலிக்கும். கொஞ்சம் சீக்கிரம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.