போல்ட்டும் கோபுரமும்

லோகு எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சி அரை டம்ளர் குடித்துவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் வைத்தான். பொன்னேரியில் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினான். ஷேர் ஆட்டோவில் இரும்பு ஆலைக்குப் போனான்.

மெயின்டனன்ஸ் அறையில் ஜெரால்ட் காத்திருந்தான். ஆலையின் சூப்பர்வைசர், டெங்குவில் இறந்துபோன மனைவி ஜெனிபரின் அண்ணன். தங்கை புருஷனை உட்காரச் சொல்லவில்லை. டேப்லெட்டைத் தள்ளிவிட்டான்.

"ஒன் சாஃப்ட்வேர் லட்சணத்தப் பாரு. பைப் ஜாயின்ட்ல எட்டு போல்ட்டு. இதுல களிமண்ணு உருண்ட மாதிரி கீது. நாளைக்கு ஷட்டவுன், பிளான்ட்ட நிறுத்தி ரிப்பேரு. இத்தப் பாத்துக்கினு எவன் ஸ்பேனர் எட்த்துக்கினு போவான்?"

ஆலையின் முப்பரிமாணப் படம் சர்வரில் இருந்தது. அதைச் சுருக்கி டேப்லெட்டின் பிரவுசருக்கு அனுப்புவது லோகுவின் வேலை. மொத்தப் படத்தையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி, பெட்டியை எப்போதும் ஒரே எண்ணிக்கையில் சம கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு மிக அருகிலுள்ள கட்டத்தின் மூலையில் ஒட்டவைக்கிற சுருக்கல் அது. பெட்டி பெரிதானால் கட்டமும் பெரிதாகும். சின்னதெல்லாம் கரைந்துபோகும்.

படத்தை வரைந்தவள் ஜெனிபர். ஆலையோடு நிறுத்தாமல், இரண்டு ஊர் தள்ளியிருந்த தன் சர்ச் கோபுரத்தையும் விளையாட்டாக வரைந்து வைத்திருந்தாள். கிரேன் மேலிருந்து பார்த்தால் தெரியும். அந்த ஒரு கோபுரத்துக்காகப் பெட்டி அவ்வளவு தூரம் நீண்டு கிடந்தது.

"கோபுரத்த எடுக்கணும், மச்சான்."

"மச்சானா? கைய வெச்சுப் பாரு. கை இருக்காது."

"அழிக்கல. தனி ஃபைலா வெச்சுத் தரேன்."

"அவள எங்களாண்டருந்து பிரிச்சு தனியா வெச்சது பத்தலையா ஒனக்கு?"

லோகு லேப்டாப்பைத் திறந்து கோபுரத்தைப் பிரித்தெடுத்தான். மறுபடி சுருக்கி அனுப்பினான். டேப்லெட்டில் போல்ட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தன. கிரேனுக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

ஜெரால்ட் போல்ட்டுகளைப் பார்க்கவே இல்லை.

"அம்மாவாண்ட இன்னா சொல்றது? 'எங் கோபுரம், எங் கோபுரம்'னு சொல்லிக்கினே போனாள்னு நம்பிக்கினு கீது. ஆஸ்பத்திரில நீதான கூட இருந்த. கடைசியா இன்னா சொன்னா, சொல்லு."

அம்மா நம்புவது சரி என்று சொன்னால் போதும், சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும். லோகு லேப்டாப்பை மூடினான்.

"'கால் சில்லுனு கீது, போர்வைய இஸ்து உடு'ன்னா."